ஜே.இ.இ. எழுதப்போகும் பிள்ளையும் பொங்கல் விடுமுறையும்: ஓர் அம்மாவின் மூன்று கேள்விகளுக்குப் பதில்

கேள்வி இதுதான். தாம்பரத்தில் இருக்கும் ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகள் ப்ளஸ் டூ, மாநிலப் பாடத்திட்டம். ஜனவரிக் கடைசியில், என்.ஐ.டி. போன்ற பொறியியல் கல்லூரிகளுக்கான நுழைவுத்தேர்வான ஜே.இ.இ. மெயின் எழுதப்போகிறாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் கும்பகோணம் பக்கத்தில் இருக்கும் மாமியார் ஊருக்குக் குடும்பத்தோடு போய்விடுவது வழக்கம். இந்த முறை, "ஒரு வருஷம் போகாட்டி என்ன குறைஞ்சிடும், பரீட்சைதான் முக்கியம்" என்கிறார் கணவர். எட்டாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு முகமே தொங்கிப்போய்விட்டது. இதற்கிடையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாத்தனார், நீட்டுக்குப் படிக்கும் தன் மகனின் மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) மதிப்பெண்ணை ஞாயிறுதோறும் போடுகிறார். கைதட்டும் படங்கள் வரிசையாக விழுகின்றன. அதோடு, "நம்ம பாப்பா எவ்வளவு?" என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார். மகள் இப்போதெல்லாம் சாப்பிட உட்காரும் முன் அம்மாவின் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிடுகிறாளாம். ஊருக்குப் போகலாமா, குழுவில் என்ன பதில் சொல்வது, போனால் புத்தகம் எடுத்துப் போகட்டுமா என்று கேட்கிறார்.

முதல் கேள்விக்குப் பதில்: போங்கள். நான்கு பேரும் போங்கள்.

முப்பது வருடத்துக்கு மேல் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறக்கும் அன்று முதல் பீரியடில் பாடம் எடுக்க மாட்டேன். "நாலு நாள் என்ன செஞ்சீங்க?" என்று ஒவ்வொருவராகக் கேட்பேன். ஊருக்குப் போய் வந்தவர்களுக்குச் சொல்லி மாளாது. "வீட்லயே இருந்து படிச்சேன் மிஸ்" என்ற பிள்ளைகளிடம் எந்தப் பாடம் என்று கேட்டால் பலபேர் தலையைக் குனிந்துகொள்வார்கள். அவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. தெருமுனையில் மைக் செட் பாடிக்கொண்டிருக்கும். சித்தப்பா பிள்ளைகள் வயல் வரப்பில் நின்று எடுத்த போட்டோ போனில் வந்து விழும். அம்மா சுரத்தே இல்லாமல் குக்கரில் பொங்கல் வைத்துக்கொண்டிருப்பார். இந்த நிலையில் மின்காந்தத் தூண்டல் எப்படித் தலையில் ஏறும்? படிப்பும் இல்லை, பண்டிகையும் இல்லை என்று நான்கு நாட்களும் போய்விடும்.

இதைவிடக் கனமான விஷயம் ஒன்று உண்டு. உங்கள் கேள்வியில் நடுவில் ஒரே வரியாக வந்துவிட்டுப் போகிறான் உங்கள் மகன். நான் அவனைத்தான் முதலில் பார்த்தேன். அக்காவுக்குப் பரீட்சை என்பதால் அவனுக்குப் பொங்கல் இல்லை, பாட்டி இல்லை, மாடு இல்லை, பெரியப்பா பிள்ளைகளோடு கிரிக்கெட் இல்லை. அவன் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடலாம். ஆனால் உங்கள் மகளுக்கு அது தெரியும். தன் ஒரு பரீட்சைக்காக வீடே பண்டிகையை விட்டுக்கொடுத்தது என்ற பாரத்தோடு அவள் தேர்வு அறைக்குள் போவாள். மூன்றாவது கேள்வியில் தடுமாறினால், 'எனக்காக எல்லாரும் இவ்வளவு செய்தார்களே' என்ற நினைப்பு அங்கேயே வந்து நிற்கும். ஒரு பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றோடு நாம் ஏற்றி வைக்கும் நான்காவது பாடம் அது. டி.வி. இணைப்பைத் துண்டிப்பது, விருந்தாளிகளை வரவேண்டாம் என்பது, கல்யாணங்களுக்குப் போகாமல் இருப்பது எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். தியாகம் என்று நாம் நினைப்பதைப் பிள்ளைகள் கடன் என்று எழுதி வைத்துக்கொள்கிறார்கள்.

கணவரின் பயத்தையும் நான் தள்ளிவிடவில்லை. அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. நாட்கள் உண்மையிலேயே நெருக்கம். 2025-இல் முதல் அமர்வு ஜனவரி 22-ஆம் தேதியும் 2026-இல் 21-ஆம் தேதியும் தொடங்கியது. பொங்கலுக்கும் தேர்வுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு வாரம்தான். ஆனால் அந்த ஒரு வாரத்தை எப்படிப் பார்ப்பது என்பதற்குத் தேர்வின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அதை அவரிடமும் காட்டுங்கள்.

ஜே.இ.இ. மெயினைத் தேசியத் தேர்வு முகமை 2019 முதல் நடத்துகிறது. இப்போது ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஏப்ரலிலும். இரண்டையும் எழுதினால் எதில் மதிப்பு கூடுதலோ அதையே தரவரிசைக்கு எடுத்துக்கொள்வார்கள். ஜனவரியில் சொதப்பினால் ஏப்ரல் மதிப்பு அதை அப்படியே மூடிவிடும். மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகளுக்கு இதில் ஓர் அனுகூலமும் உண்டு. 2025-இல் நம் ப்ளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் 25-இல் முடிந்தது, ஜே.இ.இ. இரண்டாம் அமர்வு ஏப்ரல் 2-இல் தொடங்கியது. முழுப் பாடமும் பொதுத்தேர்வுக்காகப் படித்து முடித்த சூட்டோடு எழுதலாம். ஜனவரியிலோ பள்ளியில் திருப்புதல் தேர்வு ஒருபக்கம், பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு வரப்போகிறது என்ற கவலை இன்னொரு பக்கம். அதனால் நம் பிள்ளைகளுக்கு ஜனவரி அமர்வு என்பது, நல்ல மதிப்பு வந்தால் கையில் வைத்துக்கொள்ளக்கூடிய ஒத்திகை. உயிரைக் கொடுத்து எழுத வேண்டிய ஒரே வாய்ப்பு இல்லை.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள். ஜே.இ.இ.யில் எவ்வளவு நல்ல தரவரிசை வந்தாலும், என்.ஐ.டி., ஐ.ஐ.டி. சேர்க்கைக்குப் ப்ளஸ் டூவில் 75 சதவீதமோ (பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 65), அல்லது அந்தந்தக் கல்வி வாரியத்தில் முதல் 20 பெர்சென்டைலுக்குள், அதாவது தேறியவர்களில் நூற்றுக்கு முதல் இருபது பேருக்குள், இடமோ வேண்டும். நம் மாநிலத்தில் அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகள் உட்படப் பொறியியல் கலந்தாய்வுக்கு நுழைவுத்தேர்வே கிடையாது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குப் போடும் கட் ஆஃப் மட்டும்தான். 1984-இல் தொடங்கிய மாநில நுழைவுத்தேர்வை 2006-இல் சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். அந்தத் தேர்வு இருந்த காலத்தில் மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதிய பிள்ளைகள் மூச்சு வாங்க நேரமில்லாமல் அடுத்த தேர்வுக்கு ஓடியதை வகுப்பறையில் இருந்து பார்த்தவள் நான். இன்றைக்கு உங்கள் மகளுக்கு ஜனவரியைத் தாண்டியும் வாசல்கள் திறந்திருக்கின்றன. வீட்டில் பேசும்போது ஒரே வாசல்தான் இருக்கிறது என்பதுபோலப் பேசாதீர்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 2025 ஜனவரியில் பட்டயக் கணக்காளர் (சி.ஏ.) அடிப்படைத் தேர்வின் ஒரு தாளைப் பொங்கலன்று, 14-ஆம் தேதி வைத்திருந்தார்கள். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யு.ஜி.சி. நெட் தேர்வு 15-ஆம் தேதிக்கும் வந்தது. தமிழ்நாட்டிலிருந்து எதிர்ப்பு எழுந்த பிறகு முதலாவது 16-ஆம் தேதிக்கு மாறியது, 15-ஆம் தேதித் தாள்களும் தள்ளிப்போயின. டெல்லியில் உட்கார்ந்து தேதி குறிப்பவர்களே நம் பொங்கலுக்காகத் தள்ளி வைத்தார்கள். நம் வீட்டில் நாமே அதை ரத்து செய்ய என்ன அவசரம்?

சரி, எப்படிப் போவது என்று பார்ப்போம். எத்தனை நாள் போகிறோம் என்பதை மகளிடமே கேளுங்கள். 'நீ சொல்லு, போகி அன்னிக்குப் போய் மாட்டுப் பொங்கல் முடிச்சுட்டு வந்துடலாமா, இல்ல காணும் பொங்கலும் இருக்கலாமா?' என்று அவள் கையில் கொடுங்கள். பெரும்பாலும் பிள்ளைகள் நாம் பயப்படுவதைவிடப் பொறுப்பாகவே நாள் கணக்குப் போடுவார்கள். என்னைக் கேட்டால் மூன்று இரவு போதும். காணும் பொங்கல் அன்று சாயங்காலம் கிளம்பிவிடாதீர்கள். அன்று இரவு சென்னையை நோக்கி வருகிற சாலை எப்படியிருக்கும் என்று தாம்பரத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பரனூர் சுங்கச்சாவடியில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு விடியற்காலை வீடு சேர்ந்தால், மூன்று நாள் ஓய்வு ஒரே இரவில் கரைந்துபோகும். மாட்டுப் பொங்கல் முடிந்த இரவோ, மறுநாள் விடியற்காலையோ திரும்புங்கள். ரயில் டிக்கெட் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. பொங்கலுக்குச் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும் என்பதால் நவம்பரிலேயே இந்தப் பேச்சை முடித்துவிடுவது நல்லது. இந்த வருடம் அது கைதவறியிருந்தால் கிளாம்பாக்கத்திலிருந்து விடும் சிறப்புப் பேருந்துதான். போவதற்கு அதில் ஒன்றும் மோசமில்லை. வருவதற்கு மட்டும் படுக்கை வசதி உள்ளதாகப் பாருங்கள்.

ஊரில் அவளை ஊர்ப் பிள்ளையாக இருக்க விடுங்கள். விடியற்காலை எழுந்து வாசலில் கோலம் போடட்டும். ஜே.இ.இ. காலை ஷிஃப்ட் ஒன்பது மணிக்குத் தொடங்குகிறது, மதிய ஷிஃப்ட் மூன்று மணிக்கு. தேர்வுக்கு முந்தைய வாரத்தில் விடிய விடிய விழித்துப் படித்துவிட்டுக் காலை பத்து மணிக்கு எழும் பிள்ளைகளுக்கு ஒன்பது மணித் தாள் நடு இரவுத் தாள்போல இருக்கும். கிராமத்தில் இரவு ஒன்பதரைக்கு எல்லோரும் பாயைப் போட்டுவிடுவார்கள், ஐந்து மணிக்கு மாட்டுத் தொழுவத்தில் சத்தம் கேட்கும். மூன்று நாளில் அவள் தூக்கம் தானாக ஒழுங்குக்கு வந்துவிடும். படித்தது மூளையில் படிந்து நிற்பது தூக்கத்தில்தான் என்பதை மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்தவள் நான். அதை உங்கள் மாமியார் வீடு ஒரு வார்த்தை பேசாமல் செய்துகாட்டிவிடும்.

புதுப்பானைக்கு மஞ்சள் கொத்து கட்டுவது, பால் பொங்கும்போது குரல் கொடுப்பது, மாட்டுக் கொம்புக்கு வர்ணம் அடிப்பது, தம்பிக்காகக் கணுப்பிடி வைப்பது எல்லாவற்றிலும் அவள் கை இருக்கட்டும். உங்கள் வீட்டில் கணுப்பிடி வழக்கம் உண்டென்றால் இந்த முறை அதை விட்டுவிடாதீர்கள்; மஞ்சள் இலையில் வண்ணச் சோற்றுருண்டை வைக்கும் அந்தக் கால்மணி நேரத்தில், முகம் தொங்கிப்போயிருந்த பையனும் அக்காவும் பேசிக்கொள்வார்கள். மதியம் டி.வி.யில் பாலமேடு ஜல்லிக்கட்டு ஓடும், எல்லோரும் கத்துவார்கள், அவளும் கத்தட்டும். காணும் பொங்கலன்றும் ஊரில் இருப்பதாக முடிவானால் கல்லணைக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள், மதியத்துக்குள். உடம்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். டெல்டாவில் தை மாதப் பனி பொல்லாதது, ஈரத் தலையோடு வாசலில் நிற்க விடாதீர்கள். கரும்பை அளவோடு கடிக்கட்டும், நாக்கு புண்ணாகிப்போனால் சாப்பிட முடியாமல் தவிப்பாள். போகிப் புகை பக்கம் போகவே வேண்டாம்.

இனி, வாட்ஸ்அப் குழு. நிறையச் சொல்ல வேண்டியது இதைப் பற்றித்தான்.

என் மகள் ப்ளஸ் டூ எழுதிய வருடம், தேர்வு முடிவு வந்த காலையில் நான் என் பள்ளி அலுவலகத்தில் இருந்தேன். அங்கே இருந்த கணினியில் எங்கள் பிள்ளைகளின் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கை தானாக என் மகளின் எண்ணையும் போட்டுவிட்டது. நல்ல மதிப்பெண். சந்தோஷம் தாங்காமல் உடனே என் அக்காவுக்குப் போன் செய்தேன். அக்கா தன் மகளிடம் சொல்ல, அந்தப் பெண் என் மகளைக் கூப்பிட்டு வாழ்த்துச் சொல்லியிருக்கிறாள். என் மகள் அப்போதுதான் தோழியின் வீட்டுக்கு முடிவு பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மாலை நான் வீட்டுக்குப் போனபோது அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. "அது என் சேதிம்மா. நான்தான் உன்கிட்ட வந்து சொல்லியிருக்கணும்" என்றாள். ரெண்டு வருடம் அவள் உழைத்து, சொல்வதற்காகச் சேர்த்து வைத்திருந்த ஒரு வாக்கியத்தை நான் எடுத்துச் செலவழித்துவிட்டேன். அது இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

நல்ல மதிப்பெண்ணுக்கே இப்படி என்றால், மோசமான மதிப்பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். மதிப்பெண் நல்லதா கெட்டதா என்பது இரண்டாவது. அது யாருடைய சேதி என்பதுதான் முதல் கேள்வி. குழுவில் போடுவதற்கு முன் பிள்ளையிடம் 'போடட்டுமா?' என்று கேளுங்கள். வேண்டாம் என்றால், ஏன் என்றுகூடக் கேட்காமல் விட்டுவிடுங்கள். நம் அரசாங்கமே 2017-இல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியல் வெளியிடுவதை நிறுத்திவிட்டது. அதற்கு முன் ஒவ்வொரு மே மாதமும் செய்தித்தாளில் ஒரு பிள்ளைக்கு அம்மாவும் அப்பாவும் இருபக்கமும் நின்று லட்டு ஊட்டும் படம் வரும். அதைப் பார்த்து ஆயிரம் வீடுகளில் ஆயிரம் பிள்ளைகள் சுருங்கிப்போவார்கள். செய்தித்தாள் விட்டுவிட்டதை இப்போது குடும்பக் குழுக்கள் கையில் எடுத்திருக்கின்றன. அதுவும் ஆண்டுக்கு ஒருமுறை இல்லை, ஞாயிறுக்கு ஞாயிறு.

உங்கள் நாத்தனார் போடும் எண்ணுக்கும் உங்கள் மகளின் எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை என்பதை அவளுக்கும் கணவருக்கும் விளக்குங்கள். நீட்டில் 180 கேள்வி, 720 மதிப்பெண். அதில் சரிபாதி, 360, உயிரியல். ஜே.இ.இ. மெயினில் 75 கேள்வி, 300 மதிப்பெண்; உயிரியலே கிடையாது, கணிதம் உண்டு. ஒருவன் காளை அடக்குகிறான், இன்னொருத்தி கோலம் போடுகிறாள், இதில் யார் முந்தி என்று கேட்பது மாதிரிதான் இது. ஒரே தேர்வுக்குப் படிக்கிறார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு கோச்சிங் சென்டர் மாக் டெஸ்டும் இன்னொன்றும் ஒரே தராசு இல்லை. பிள்ளைகளை உசுப்பக் கடினமாகத் தாள் போடும் இடமும் உண்டு, பெற்றோரைக் குளிர்விக்க எளிதாகப் போடும் இடமும் உண்டு.

பெர்சென்டைல் விஷயத்தில் நம் ஊரில் ஏகப்பட்ட குழப்பம் இருக்கிறது. அது சதவீதம் இல்லை. ஜே.இ.இ. பல நாட்களில், பல ஷிஃப்ட்களில் நடக்கிறது. ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் வேறு வேறு கேள்வித்தாள். அதனால் நேரடி மதிப்பெண்ணை ஒப்பிட முடியாது. அவள் எழுதிய ஷிஃப்டில் நூற்றுக்கு எத்தனை பேர் அவள் எடுத்த அளவோ அதற்குக் கீழோ எடுத்திருக்கிறார்கள் என்பதுதான் பெர்சென்டைல். 95 பெர்சென்டைல் என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கிவிட்டாள் என்று பெரியப்பா நினைத்துக்கொள்வார். ஜனவரி அமர்வைப் பன்னிரண்டு லட்சத்தை ஒட்டிய பிள்ளைகள் எழுதுகிறார்கள். 95 என்றால் சுமார் அறுபதாயிரம் பேர் முன்னால் இருக்கிறார்கள் என்று பொருள். மறுபக்கமும் பாருங்கள். 300-க்கு 200-ஐ எட்டாதவர்களும் 99 பெர்சென்டைலைத் தொட்டிருக்கிறார்கள். வீட்டில் மாதிரித்தாளில் 300-க்கு 150 எடுத்துவிட்டு 'பாதிதானா' என்று முகம் வாடும் பிள்ளைக்கு, பாதி என்பது அந்தத் தேர்வில் எவ்வளவு நல்ல இடம் என்று யாராவது சொல்ல வேண்டும். பள்ளித் தேர்வில் 95 எடுத்துப் பழகிய பிள்ளைகளும் பெற்றோரும் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான்.

தேர்வு எழுதிய அன்று இரவே, ஏதோ ஒரு கோச்சிங் சென்டர் வெளியிடும் விடைகளை வைத்துக் கணக்குப் போட்டுக் குழுவில் எண் போடுவதும் வேண்டாம். தேர்வு முகமையே பிறகு தற்காலிக விடைக்குறிப்பை வெளியிடும். தவறு என்று தோன்றினால் ஒரு கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். இறுதிக் குறிப்பில் சில விடைகள் மாறும், சில கேள்விகளை நீக்கிவிடுவதும் உண்டு. அதற்குள் நீங்கள் ஊருக்கெல்லாம் சொன்ன எண் நிற்காமல் போகலாம்.

இன்னொன்று, மிக முக்கியமானது. மதிப்பெண் அட்டையையோ ஹால் டிக்கெட்டையோ படம் எடுத்து எந்தக் குழுவிலும் போடாதீர்கள், சொந்தக் குடும்பக் குழுவாக இருந்தாலும் சரி. அதில் பிள்ளையின் படம், பிறந்த தேதி, விண்ணப்ப எண், அப்பா அம்மா பெயர் எல்லாம் இருக்கும். முடிவு பார்க்கக் கேட்கிற விண்ணப்ப எண் போன்ற விவரங்கள் அதே அட்டையில் அச்சாகி வருகின்றன. ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குப் போக ஒரு விரல் அழுத்தம் போதும். அதன்பின், 'உங்க பிள்ளைக்கு இந்தக் கல்லூரியில சீட் இருக்கு' என்று தெரியாத எண்களிலிருந்து போன் வர ஆரம்பிக்கும்.

குழுவில் "நம்ம பாப்பா எவ்வளவு?" என்று கேட்பவருக்குச் சொல்ல ஒரு பதில் வைத்துக்கொள்ளுங்கள். கோபமும் வேண்டாம், மழுப்பலும் வேண்டாம். "நல்லா படிச்சுட்டிருக்கா அத்தை. மார்க்கு எல்லாம் அவளே சொல்லட்டும்னு விட்டுட்டேன். பொங்கலுக்கு வர்றோம், நேர்ல பாத்துக் கேளுங்க." இதை இரண்டு முறை சொன்னால் மூன்றாவது முறை யாரும் கேட்க மாட்டார்கள். நேரில் வந்ததும் எந்த அத்தையும் பெர்சென்டைல் கேட்பதில்லை. 'இளைச்சுட்டியேடி' என்றுதான் தொடங்குவார்கள். குழுவில் உங்கள் பங்குக்குப் போட ஆயிரம் சேதி கிடைக்கும். அவள் போட்ட கோலத்தைப் போடுங்கள், பானை பொங்கிய வீடியோவைப் போடுங்கள், தம்பி மாட்டுக்குக் கட்டிய மாலையைப் போடுங்கள். இரண்டு மூன்று பேர் இப்படித் தொடங்கினால் குழுவின் பேச்சே திரும்பும். என் உறவினர் குழுவிலேயே இதைப் பார்த்திருக்கிறேன்.

நாத்தனாரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் மேல் கோபப்படாதீர்கள். வாராவாரம் மகனின் மதிப்பெண்ணைப் போடும் தாய், பெருமையில் போடுகிறார் என்று நமக்குத் தோன்றும். என் அனுபவத்தில் அவர்கள் பயந்துபோனவர்கள். நீட் ஆண்டுக்கு ஒரே முறை, மே மாதத்து ஒரு ஞாயிறு மதியம், மூன்று மணி நேரம். உங்கள் மகளுக்கு இருக்கும் இரண்டாவது வாய்ப்புகூட அந்தப் பையனுக்கு இல்லை. யாராவது 'அவன் பாஸாகிவிடுவான்' என்று சொல்ல மாட்டார்களா என்றுதான் அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு வருகிறார். பொங்கலன்று அடுப்படியில் காய் நறுக்கும்போது அவரிடம் தனியாக, "பையன் சரியா தூங்குறானா?" என்று கேளுங்கள். என்ன பதில் வருகிறது என்று பாருங்கள். அந்தப் பையனிடமும் மதிப்பெண்ணைத் தவிர வேறு எதையாவது பேசுங்கள், பாவம்.

உங்கள் மகள் போனைக் கவிழ்த்து வைக்கிறாள் என்பதை நீங்கள் கவனித்ததே நல்லது. அதோடு சாப்பாடு குறைவது, தூக்கம் கெடுவது, தோழிகளிடம் பேசாமல் இருப்பது, 'நான் இருந்து என்ன' என்ற மாதிரி வார்த்தைகள் என்று எது வந்தாலும் பரீட்சைப் பயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும், மத்திய அரசின் 14416 எண்ணிலும் ஆலோசகர்கள் தமிழில் பேசுவார்கள். பெற்றோரும் பேசலாம். இதற்காக அழைக்கத் தயங்கக் கூடாது.

கடைசிக் கேள்வி, புத்தகம். பெட்டி நிறையப் புத்தகம் அடுக்கிக்கொண்டு போனால் அது திறக்கப்படாமலேயே குற்ற உணர்ச்சியை மட்டும் சுமந்து திரும்பும். ஒரே ஒரு நோட்டு போதும்: மாக் டெஸ்டுகளில் தான் செய்த தவறுகளை அவள் தன் கைப்பட எழுதி வைத்திருக்கும் நோட்டு. அப்படி ஒன்று இல்லையென்றால் கிளம்புவதற்கு முன் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதச் சொல்லுங்கள், அதுவே நல்ல படிப்பு. எந்தக் கேள்வி, எங்கே வழுக்கினேன், கணக்குப் பிழையா, சூத்திரம் மறந்ததா, கேள்வியையே தப்பாக வாசித்தேனா என்று கேள்விக்கு இரண்டு வரி. தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிக்கும் தேர்வு இது. எதைத் தொடாமல் விடுவது என்பதை அந்த நோட்டுதான் கற்றுக்கொடுக்கும். விருப்பமிருந்தால் காலையில் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் புரட்டட்டும். திரும்பி வந்த மறுநாள், அவளுக்கு வந்திருக்கும் ஷிஃப்ட் நேரத்திலேயே முழுத்தாள் ஒன்றைக் கணினியில் எழுதட்டும். ஹால் டிக்கெட் தேர்வுக்குச் சில நாள் முன்புதான் வரும், ஷிஃப்ட் தெரியாவிட்டால் காலை ஒன்பது மணியையே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நோட்டை ஊரில் அவள் திறந்தாளா இல்லையா என்று மட்டும் பையைத் துழாவிப் பார்க்காதீர்கள். கணவரிடமும் சொல்லி வையுங்கள்.